புண்ணுக்குத் தேதி போடுங்கள்

கேள்வி: மதிப்பிற்குரிய மேடம், நான் கம்பம் பக்கத்தில் 14 வருடமாகக் கிளினிக் நடத்தும் பி.டி.எஸ். பல் டாக்டர். போன வருடம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வரும் 52 வயதுக்காரர் ஒருவர், நாக்கு ஓரத்தில் புண் என்று வந்தார். பக்கத்தில் உடைந்த கடைவாய்ப்பல் இருந்தது. அதுதான் குத்துகிறது என்று அதன் கூர்முனையைத் தேய்த்துவிட்டு, தடவ ஒரு ஜெல் எழுதிக் கொடுத்தேன். வலி குறைந்தது என்றார். அப்புறம் இரண்டு தடவை வந்து அதே ஜெல்லை எழுதி வாங்கிப் போனார். ஐந்து மாதம் கழித்து மதுரையில் காட்டியபோது புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் செய்து முப்பது தடவை கரன்ட்டும் (கதிர்வீச்சு) வைத்தாகிவிட்டது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரூட் கேனால், இம்ப்ளான்ட் என்று எத்தனையோ தொடர்கல்வி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தரும் வகுப்பு எங்கே இருக்கிறது? இந்த வயதில் எம்.டி.எஸ். மேற்படிப்புக்கு எழுதலாமா? ஆன்லைன் சான்றிதழ் படிப்பு போதுமா? இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், கிளினிக்கை மூட முடியாது.
(பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்)

பதில்:

அன்புள்ள டாக்டர்,

அவர் முதல் தடவை வந்த அன்று கேஸ் ஷீட்டில் என்ன எழுதினீர்கள்? “நாக்கில் புண், 46ஆம் பல் கூர், தேய்த்தாயிற்று, ஜெல்” என்பது போல ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். கல்லூரியில் எங்கள் துறைக்கு வரும் சீட்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். புண் எத்தனை மில்லிமீட்டர், எத்தனை நாளாக இருக்கிறது, தொட்டால் ஓரம் கெட்டியாக இருந்ததா, மறுபடி எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்ற நாலு விவரமும் அந்த வரியில் இருக்காது. உங்களைக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைக் கேட்கவில்லை. நீங்கள் தேடுகிற படிப்பு இந்த நாலு விவரத்தில்தான் தொடங்குகிறது.

முதல் நாள் நீங்கள் செய்தது சரி. கூரான பல் குத்திப் புண் வந்திருக்கலாம் என்று தோன்றினால், கூர்முனையை எடுத்துவிட்டு இரண்டு வாரம் பார்க்க வேண்டும் என்றுதான் நாங்களும் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். அந்த இரண்டு வாரத்தில் புண் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை என்றால் காரணம் பல் இல்லை, பயாப்ஸி (சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது) பார்த்தாக வேண்டும். உங்களிடம் தவறியது இந்த இரண்டாம் பாதி. அவர் மறுபடி வந்தார், ஆனால் நீங்கள் புண்ணைப் பார்க்கவில்லை. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். வாயில் தடவக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஜெல் அழற்சியைக் குறைக்கும், வலி மரத்துப்போகும் மருந்து கலந்திருந்தால் சுருக்கென்று குத்துவதும் நின்றுவிடும். பேஷண்ட் “தேவலை டாக்டர்” என்பார். புண் அப்படியே இருக்கும். ஆரம்பக் கட்டப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அந்தப் புண்ணுக்கு ஒரு தேதியும் ஒரு அளவும் இருந்திருந்தால், இரண்டாம் தடவை அவர் உள்ளே வந்தபோதே அந்தத் தாள் உங்களைத் தடுத்து நிறுத்தியிருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 14 வருடம் கிளினிக் நடத்தியும் நோயறிதலில் கை வராததற்கு நீங்கள் படிக்காதது காரணம் இல்லை. ரூட் கேனால் செய்தால் கடைசியில் ஒரு எக்ஸ்ரே எடுக்கிறீர்கள். நிரப்பியது வேர்நுனி வரை போயிருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. தவறு தெரிகிறது, அடுத்த பல்லில் கை திருந்துகிறது. நோயறிதலில் அப்படி இல்லை. நீங்கள் “இது இதுதான்” என்று மனதில் முடிவு கட்டுகிறீர்கள், பேஷண்ட் போய்விடுகிறார். சரியாகி விட்டால் வரமாட்டார். சரியாகாவிட்டால் வேறு டாக்டரிடம் போவார். விடை உங்களிடம் திரும்பி வருவதே இல்லை. விடைத்தாள் கைக்கு வராமல் 14 வருடம் பரீட்சை எழுதினால் யாருக்கும் மார்க் கூடாது. ஆகவே நீங்கள் எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தாலும், “என் ஊகம் சரியா தவறா என்று எனக்குத் திரும்பச் சொல்ல அதில் வழி இருக்கிறதா?” என்று மட்டும் பாருங்கள். இருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் அது உங்களுக்கு வேண்டாம்.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பி.டி.எஸ். முடித்த இரண்டாம் வருடம், நான் வேலை பார்த்த கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தார். கீழ்த்தாடை வலப்பக்கம் “கரன்ட் அடிச்ச மாதிரி சுரீர்னு இழுக்குது” என்றார். ஒரு பல்லில் லேசான சொத்தை இருந்தது. எடுத்தேன். வலி போகவில்லை. பத்து நாளில் வந்து அடுத்த பல்லைக் காட்டினார். அதையும் எடுத்தேன். மூன்றாவதை எடுக்கச் சொல்லி அழுதார். எடுத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் வரவில்லை, குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து அவர் மகன் தன் சொத்தைப் பல்லுக்காக வந்தபோது சொன்னார்: நரம்பு டாக்டர் கார்பமசெபின் மாத்திரை கொடுத்தாராம், ஒரு வாரத்தில் அம்மா மறுபடி தலை சீவ ஆரம்பித்துவிட்டாராம். முகம் கழுவினாலும் சீப்பு பட்டாலும் வலி வருகிறது என்று அந்த அம்மா என்னிடமே சொல்லியிருக்கிறார். முகத்து நரம்பில் வரும் இதை முப்பெரு நரம்பு வலி என்று புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான் நான். மகன் வராமல் போயிருந்தால், மூன்று பல் எடுத்து ஒரு அம்மாவைக் குணப்படுத்தினேன் என்றுதான் இன்று வரை நம்பிக்கொண்டிருப்பேன்.

எம்.டி.எஸ். விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீட்-எம்.டி.எஸ். தேர்வு எழுதி, வாய் மருத்துவம் மற்றும் கதிரியல் பிரிவிலோ வாய் நோயியல் பிரிவிலோ இடம் கிடைத்தால் மூன்று வருடம் முழுநேரப் படிப்பு. கல்லூரியில் பாடம் நடத்த ஆசை இருந்தால் செய்யுங்கள். வயது தடையே இல்லை. ஆனால் கம்பத்தில் உட்கார்ந்து ஏலத்தோட்டக்காரர்களின் வாயைச் சரியாகப் பார்ப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், அதற்காகக் கிளினிக்கை மூன்று வருடம் மூட வேண்டியதில்லை. அந்த மூன்று வருடமும் அந்த வாய்களை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இம்ப்ளான்ட் வகுப்புகள் எத்தனையோ இருக்க, நோயறிதல் வகுப்பு எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் காரணம் எளிது. இம்ப்ளான்ட் வகுப்புக்குப் பின்னால் விற்க ஒரு பொருள் இருக்கிறது. நாக்கை இழுத்துப் பார்ப்பதற்குப் பின்னால் விற்க எதுவும் இல்லை, ஒரு துண்டு காஸ் துணியைத் தவிர. அதனால் இந்தப் படிப்பை யாரும் உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள். நாமே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அது முடியுமா என்று சந்தேகம் வேண்டாம். உங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 13 பஞ்சாயத்துகளை எடுத்துக்கொண்டு, ஏழில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள், மற்ற ஆறில் வழக்கப்படி விட்டார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் மொத்தம் 1,90,000 பேருக்கு மேல். வாயைப் பார்த்தவர்கள் டாக்டர்கள் இல்லை, ஏதோ ஒரு டிகிரி முடித்துவிட்டுப் பயிற்சி எடுத்த சுகாதாரப் பணியாளர்கள். கண்ணும் வெளிச்சமும்தான் கருவி. 2005இல் லான்செட் இதழில் முடிவு வந்தபோது, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. அதுவும் நமக்கு ஒரு பாடம், யாரை விடாமல் பார்க்க வேண்டும் என்பதற்கு. ஒரு பி.ஏ. பட்டதாரியால் கற்றுக்கொள்ள முடிந்தது, தினமும் இருபது வாயைத் திறந்து பார்க்கும் உங்களுக்கு வராமலா போகும்? அந்த வழியில் பயிற்சி கொடுக்கப் பயன்படும் படத் தொகுப்பு ஒன்றை, பிரான்சில் லியோன் நகரில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் பத்துப் படம் பாருங்கள். படத்தின் கீழே இருக்கும் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். நீங்கள் நினைத்ததை எழுதிவிட்டு அப்புறம் கையை எடுங்கள்.

சரி, நாளைக் காலையில் முதல் பேஷண்டிடமிருந்து தொடங்குவது எப்படி? அவர் ஸ்கேலிங்குக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை. சேரில் சாய்ப்பதற்கு முன்னால், நேராக உட்காரவைத்து முகத்தையும் கழுத்தையும் பாருங்கள். பின்னால் நின்று தாடைக்கு அடியிலும் கழுத்தின் பக்கவாட்டிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். செட் பல் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். உதட்டைப் புரட்டுங்கள். கன்னத்தை இரண்டு கண்ணாடியால் ஒதுக்கி, ஈறும் கன்னமும் சேரும் அந்தப் பள்ளத்தைக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் வரை பாருங்கள். நம் நாட்டில் வாய்ப்புற்று அதிகம் வருகிற இடமே அதுதான், காரணம் கொடுப்பில் அடக்கி வைக்கும் புகையிலை. எந்தப் பக்கம் அடக்குவீர்கள் என்று கேட்டால் அவரே விரலால் காட்டுவார்.

அப்புறம் நாக்கு. “நாக்கை நீட்டுங்க” என்று சொன்னால் பாதிதான் வரும். காஸ் துணியால் நுனியைப் பிடித்து, மெதுவாக முன்னால் இழுத்து வலப்பக்கம் திருப்புங்கள், கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்குங்கள். இடது ஓரம் அடி வரை தெரியும். பின்னால் மடிப்பு மடிப்பாகத் தெரிவது இயல்பான திசு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மறுபக்கமும் அதே மாதிரி திருப்புங்கள். பிறகு நாக்கைத் தூக்கச் சொல்லி அடிவாயைப் பார்த்துவிட்டு, ஒரு கை விரலை உள்ளேயும் இன்னொரு கையைத் தாடைக்குக் கீழேயும் வைத்து அமுக்கிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கெட்டித்தன்மை விரலுக்குத் தெரியும். புண் இருந்தால் ஓரத்தையும் அடியையும் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். மிருதுவாக இருப்பது வேறு, ரப்பர் வளையம் மாதிரி கெட்டியாக இருப்பது வேறு. அந்த வித்தியாசத்தை எந்த வீடியோவும் உங்களுக்குக் கற்றுத்தராது, அதற்கு ஐம்பது சாதாரண நாக்கைத் தொட்டிருக்க வேண்டும். கடைசியாக அண்ணமும் தொண்டை வாசலும். முதல் வாரம் ஐந்து நிமிடம் ஆகும், ஒரு மாதத்தில் இரண்டு நிமிடத்துக்கு வந்துவிடும்.

வெள்ளையாக எதைப் பார்த்தாலும் காஸால் துடைத்துப் பாருங்கள், துடைத்தால் வருகிறதா வரவில்லையா என்று எழுதுங்கள். வெள்ளைத் திட்டைப் பார்த்துப் பயப்படுகிற நாம் வெல்வெட் மாதிரி இருக்கும் சிவப்புத் திட்டை “சூடு” என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் சிவப்புதான் கூடுதல் ஆபத்து. இன்னொன்று, உங்கள் பக்கத்து இளைஞர்களிடம் வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். “காரம் தாங்கலை, எரியுது” என்று வருபவரின் கன்னத்தைப் பிடித்துப் பார்த்தால் நார் நாராக விரலுக்குத் தட்டுப்படும். 1952இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் முதன்முதலில் விவரித்த, வாய் திறப்பதைக் குறைக்கும் ‘சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்’ நோய் இது, இன்று நம் ஊர்ப் பெட்டிக்கடை வாசலில் வளர்கிறது. “புகையிலையே போடறதில்லை, வெறும் பாக்குதான்” என்று அவர்கள் சொன்னால் அதைச் சமாதானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று நான் மேலே சொன்ன அதே முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது.

இனி நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கேஸ் நம்பர், இடம், மில்லிமீட்டர் அளவு, எத்தனை நாளாக, பழக்கம், அப்புறம் உங்கள் ஊகம். ஒன்று இல்லை, மூன்று ஊகம், எது முதல் என்று வரிசையோடு. கீழே மறுபடி பார்க்கும் தேதி. வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். விடை வந்ததும் அங்கே எழுத வேண்டும். தேதி அன்று அவர் வராவிட்டால் உங்கள் அசிஸ்டென்ட் போன் செய்ய வேண்டும். மேல் சிகிச்சைக்கு அனுப்பியவர் என்றால், பத்து நாள் கழித்து நீங்களே அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு “என்ன வந்தது டாக்டர்?” என்று கேட்க வேண்டும். நம்மில் பலருக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது. அனுப்பிவிட்டோம், அப்புறம் தொந்தரவு பண்ணக் கூடாது என்று. என் மேசைக்கு அப்படி வரும் போனை நான் ஒரு நாளும் தொந்தரவாக நினைத்ததில்லை, அனுப்பியவர் யார் என்று தேடிப் பிடித்துச் சொல்ல முடியாமல் போனதுதான் அதிகம். வலப்பக்கம் நிரம்ப நிரம்ப எந்த இடத்தில் உங்கள் கண் ஏமாறுகிறது என்று உங்களுக்கே தெரியும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு வகுப்பு தேடினால், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து போவீர்கள்.

பயாப்ஸி. பி.டி.எஸ். டாக்டர் வாயில் சிறிய சதைத் துண்டு எடுக்கலாம், எடுக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை. பார்த்ததுமே புற்றுநோய் என்று தோன்றும் புண்ணைக் கிளினிக்கில் முழுசாக வெட்டி எடுத்துவிடாதீர்கள். பிறகு ஆபரேஷன் செய்யப்போகிறவருக்கு எது வரை நோய் இருந்தது என்று தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்டவரைக் கையில் கடிதம் கொடுத்து, போனும் செய்து, நேராக அனுப்பிவிடுங்கள். நீங்கள் கற்றுக்கொள்ளத் தொடங்க வேண்டியது சந்தேகம் குறைந்தவற்றில்: கன்னத்தைக் கடித்துக் கடித்து வந்த சதை வளர்ச்சி, இரண்டு பக்கமும் வலைபோல் வெள்ளைக் கோடு போட்ட திட்டு, இந்த மாதிரி. மரத்துப்போகும் ஊசியைத் திட்டுக்குள்ளேயே போடக் கூடாது, சுற்றிப் போடுங்கள். புண்ணின் நடுவில் எடுத்தால் செத்த திசுதான் வரும், ஓரத்தில் எடுங்கள். பல் உள்ள ஃபோர்செப்ஸால் நசுக்காதீர்கள். எடுத்த துண்டைப் போல் பத்து முதல் இருபது மடங்கு 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். ஸ்பிரிட்டிலும் சலைனிலும் போட்டு வந்த துண்டுகளை வைத்துக்கொண்டு நோயியல் டாக்டர்கள் படும் பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வாய் நோயியல் துறையில் ஒருவரை நேரில் போய்ப் பழக்கம் செய்துகொள்ளுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை உங்கள் நோட்டோடு போய், நீங்கள் அனுப்பிய துண்டின் ஸ்லைடை அவர் மைக்ராஸ்கோப்பில் அவரோடு சேர்ந்து பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல தொடர்கல்வி வகுப்பு கிடையாது. அவர்களும் சந்தோஷமாகக் காட்டுவார்கள், ஏனென்றால் ஸ்லைடைப் பார்க்கிறவர்களுக்கு அந்த வாய் எப்படி இருந்தது என்று சொல்ல யாரும் வருவதில்லை.

நடுவில் யாராவது வந்து, சாயம் பூசினால் தெரியும், நீல விளக்கு அடித்தால் தெரியும் என்று கருவி விற்பார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டலில், சந்தேகமான திட்டுக்கு இந்தக் கருவிகளை நம்பிக் காத்திருக்க வேண்டாம், பயாப்ஸிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஹெட்லைட் வாங்குங்கள்.

எக்ஸ்ரே படிப்பதும் இதே கதைதான். அலமாரியில் கிடக்கும் பழைய ஓபிஜி படங்களை (இரண்டு தாடையும் முழுதாகத் தெரியும் எக்ஸ்ரே) எடுத்து, எதற்காக எடுத்தது என்று பார்க்காமல் ஒரு மூலையிலிருந்து படியுங்கள். தாடை மூட்டு, சைனஸ், எலும்பின் கீழ் ஓரம், கடைசியில் பல். முதலில் பல்லைப் பார்த்தால், சொத்தை கண்ணில் பட்டதும் மூளை திருப்தியாகிவிடும், மறுபக்கத்துக் கட்டி கண்ணெதிரே இருந்தும் தெரியாது. “எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, அதனால் ஒன்றும் இல்லை” என்ற முடிவுக்கும் அவசரப்படாதீர்கள். எலும்பின் கெட்டியான மேலோடு அரிபடும் வரை உள்ளே நடக்கும் சேதம் சாதாரணப் பல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்று பெண்டரும் செல்ட்சரும் 1961லேயே காட்டியிருக்கிறார்கள். இம்ப்ளான்டுக்காக சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால், அந்த ஸ்கேனில் விழுந்த எல்லா இடத்தையும் யாராவது படித்தாக வேண்டும். உங்களால் முடியாவிட்டால் வாய்க் கதிரியல் டாக்டரிடம் ரிப்போர்ட் கேளுங்கள், அந்த ரிப்போர்ட் வரும் முன்னால் உங்களுடையதை எழுதி வைத்திருங்கள்.

தனியாகச் செய்தால் மூன்று மாதத்தில் விட்டுவிடுவீர்கள், அதுதான் மனித சுபாவம். சின்னமனூர், உத்தமபாளையம், போடி, தேனி என்று ஆறேழு பேரைச் சேருங்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் டாக்டர் 2003இல் ‘எக்கோ’ என்ற முறையைத் தொடங்கினார். தன்னிடம் வர மாதக்கணக்கில் காத்திருந்த ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று நோயாளிகளை, அவரவர் ஊர் டாக்டரே பார்க்கும்படி செய்வதற்காக. வாரம் ஒருமுறை வீடியோவில் கூடுவார்கள், ஊர் டாக்டர் தன் கேஸைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள், நிபுணர் கடைசியில் பேசுவார். ஊர் டாக்டர்கள் கொடுத்த சிகிச்சையின் பலன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் பலனுக்குக் குறையவில்லை என்று 2011இல் ஆய்வும் வந்தது. நொய்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு ஆராய்ச்சி நிறுவனமும் இந்த முறையில் புற்றுநோய்ப் பரிசோதனைப் பயிற்சிகளை ஆன்லைனில் நடத்துகிறது. பல் மருத்துவர்களுக்கு அடுத்த அணி எப்போது என்று விசாரியுங்கள். நீங்கள் கேட்ட ஆன்லைன் படிப்புகளில் என் ஓட்டு இந்த வகைக்குத்தான், காரணம் இதில் உங்கள் கேஸை நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். வீடியோவை ஓடவிட்டு, பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்கும் படிப்பில் விடை திரும்பி வருவதில்லை.

உங்கள் ஆறு பேரும் மாதம் ஒரு கேஸ் சொன்னால் வருடத்துக்கு 72 கேஸ். ஒருவர் நோட்டிலிருந்து கேஸைப் படிக்க வேண்டும், மற்ற ஐவரும் ஊகத்தை எழுதிய பிறகுதான் விடையைச் சொல்ல வேண்டும். படம் அனுப்பினால் பேஷண்டிடம் கேட்டுவிட்டு, முகமும் பெயரும் இல்லாமல் அனுப்புங்கள். 2021 மே மாதத்தில் கருப்புப் பூஞ்சையைத் தமிழ்நாடு அரசு கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா வந்து போன சர்க்கரை நோயாளிகள் சிலர் “மேல்பல் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடுது” என்று முதலில் நம்மிடம்தான் வந்தார்கள். கல்லூரியில் நாம் பார்த்தே இராத நோய். அப்போது போன் எடுத்துக் கேட்க ஒரு ஆள் இருந்த டாக்டர், ஆடுகிற பல்லை எடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

புள்ளிகளைப் பற்றி: பதிவைப் புதுப்பிக்க உங்கள் மாநில கவுன்சில் கேட்கும் தொடர்கல்விப் புள்ளிகளை இந்த நோட்டும் இந்தக் கூட்டமும் தராது. அதற்குத் தனியாக அங்கீகாரம் பெற்ற நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டும். வாய் மருத்துவ, வாய் நோயியல் சங்கங்கள் வருடாந்திர மாநாடு நடத்துகின்றன, இம்ப்ளான்டுக்குப் போகும் இரண்டில் ஒன்றை இதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர்கள் சட்டத்தின் இடத்தில் 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் வந்திருப்பதால், பணம் கட்டும் முன் இன்றைய விதி என்ன என்று கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக அந்த மனிதர். அவரைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்துத் தலை குனிந்ததோடு விட்டுவிடாதீர்கள், அவருக்கு இப்போதுதான் ஒரு பல் டாக்டர் அதிகம் தேவை. முப்பது தடவை கரன்ட் வைத்த வாயில் எச்சில் வற்றியிருக்கும். எச்சில் வற்றினால் ஈறோரத்தில் பல் சரசரவென்று சொத்தையாகும். ஃபுளோரைடு வைக்க வேண்டும். அவசரப்பட்டு யாராவது ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம், ஆகவே எந்தப் பல்லை எடுப்பதானாலும் கரன்ட் எந்த இடத்தில், எவ்வளவு வைத்தார்கள் என்று மதுரையில் கேட்காமல் தொடக் கூடாது. அதே வாயில் வேறு ஒரு இடத்தில் இன்னொரு கட்டி தோன்றவும் வாய்ப்பு இருக்கிறது, புகையிலைப் பழக்கம் இருந்திருந்தால், அது வருடக்கணக்கில் பட்டது நாக்கின் ஒரு ஓரத்தில் மட்டும் இல்லையே. அவர் கொடுப்பில் இன்னும் எதையாவது அடக்குகிறாரா என்பதும் தெரிய வேண்டும்.

அசிஸ்டென்டை விட்டுக் கூப்பிடச் சொல்லாமல் நீங்களே போன் செய்யுங்கள். ஜீப் திரும்பி வரும் சாயங்கால நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை வந்தபோதே அனுப்பியிருக்க வேண்டும், தவறிவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். சொல்வது கஷ்டம்தான், ஆனால் அவருக்கு அது தெரிய வேண்டும். அப்புறம் சேரில் உட்காரவைத்து, கழுத்திலிருந்து தொடங்கி, நான் மேலே சொன்ன வரிசையில் முழுசாகப் பாருங்கள். நோட்டில் முதல் பக்கத்தை அவருக்குக் கொடுங்கள். அடியில் அவர் அடுத்து வர வேண்டிய தேதியைப் போட்டு, அதையே ஒரு சீட்டிலும் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.